மலைப்பகுதி வரைய ஜேஓஎஸ்எம் எப்படி இருக்கிறது?

யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவும் வீடும் வரைய உலாவியிலேயே திறக்கும் ஐடி எடிட்டர் போதும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மலை என்றால் அதே வரைபடத்தைத் திருத்தக் கணினியில் தனியாக ஓடும் ஜேஓஎஸ்எம்தான் திறப்பேன். ஏனென்றால் மலையில் செயற்கைக்கோள் படத்தை அப்படியே நம்ப முடியாது. படம் பெரும்பாலும் சற்றுச் சாய்வாக எடுக்கப்படுகிறது, அதைத் தரையோடு பொருத்த உயரத் தரவு வேண்டும், செங்குத்தான இடங்களில் அந்தத் தரவே பிசகும். அதனால் படத்தில் தெரியும் பாதை உண்மையான இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்கலாம். சமவெளியில் பரவாயில்லை. பாறை விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப்பாதையில், மூட்டத்துக்குள் போனைப் பார்த்து நடப்பவருக்கு அந்தச் சில மீட்டர்தான் எல்லாமே.

ஜேஓஎஸ்எம்மில் மற்றவர்கள் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களை இறக்கி ஒரு லேயராக (தனி அடுக்காக) வைத்து, பின்னணிப் படத்தை நகர்த்தி அவற்றோடு பொருத்தலாம். ஒற்றைத் தடத்தை நம்பிப் பொருத்தாதீர்கள். குறுகிய பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் தடமும் கோணலாகும். நாலைந்து தடங்கள் சேர்ந்து போகும் இடத்தைப் பாருங்கள். பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது: நகர்த்திய அளவு படம் முழுவதற்கும் ஒன்றுதான். முகட்டில் சரியாகப் பொருந்தியது கீழே ஓடைக்கு வரும்போது விலகிவிடும், அதனால் ஒவ்வொரு சரிவுக்கும் புதிதாகப் பொருத்த வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் விட்டுவிடக் கூடாத வேலை.

செங்குத்துப் பாறை வரையும்போது கோட்டின் திசைக்கு வலப்பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். ஜேஓஎஸ்எம்மில் அம்புக்குறி தெரிவதால் தவறு உடனே கண்ணில் படும், ஆர் விசையை அழுத்தினால் கோடு திரும்பிவிடும். ஓடை நீர் போகும் திசையில் இருக்க வேண்டும், அதற்கும் இதே வழிதான். பாதை ஓடையை வெறுமனே வெட்டிப்போனால் பிழைகளைச் சோதிக்கும் வேலிடேட்டர் எச்சரிக்கும். அவசரப்பட்டுப் பாலம் போடாதீர்கள், மலையில் பெரும்பாலும் தண்ணீரில் இறங்கித்தான் கடக்கிறோம்.

சிகரத்தின் உயரத்தில் மட்டும் இது உதவாது. சில கருவிகளின் ஜிபிஎஸ் பதிவில் வரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது இல்லை, வித்தியாசம் இடத்தைப் பொறுத்துப் பல பத்து மீட்டர் வரை போகும். அதை அப்படியே எழுதினாலும் ஜேஓஎஸ்எம் ஒன்றும் சொல்லாது. அப்புறம், புதிதாக வருபவர்கள் சமவுயரக் கோடுகளை எங்கே வரைவது என்று தேடுவார்கள். அவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேமிக்கப்படுவதே இல்லை. ஓப்பன்டோப்போமேப் போன்ற வரைபடத் தளங்கள் அவற்றை 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவைக் கொண்டு தனியாக உருவாக்குகின்றன.

கணினியில் ஜாவாவில் ஓடும் மென்பொருள் இது, மலையேறும்போது கையில் எடுத்துப்போக முடியாது. முதல் சில நாட்கள் விசைகளைப் பழகவே போய்விடும். ஆனாலும் மலையில் தொடர்ந்து வரைய நினைப்பவர் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன்.

பாதையின் கடினத்தைக் குறிக்க சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் 6 நிலைகள், தடம் தரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு இன்னொரு டேக் (பொருளின் விவரத்தைச் சொல்லும் குறிப்பு), இரண்டும் பிரீசெட் எனப்படும் ஆயத்தப் படிவத்திலேயே வருகின்றன. நடந்து பார்த்த பாதைக்கு மட்டும் அவற்றை நிரப்புங்கள். படத்தைப் பார்த்து மட்டும் வரைந்திருந்தால் காலியாக விடுங்கள், நடந்தவர் வந்து நிரப்பட்டும்.