கர்ப்பகால இடுப்பெலும்பு வலி: பெல்ட்டா, பிசியோதெரபியா, படுக்கையா?

புரண்டு படுத்தால் தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. படியேற ஒரு காலைத் தூக்கினால் முன்பக்க எலும்பே கழன்றுவிடும்போல் இருக்கிறது. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வலி வருகிறது. முன்பக்க இடுப்பெலும்புகளுக்கு நடுவே சாதாரணமாக 4–5 மி.மீ. இடைவெளி உண்டு, கர்ப்பத்தில் இன்னும் 2–3 மி.மீ. கூடும். 10 மி.மீ.-ஐத் தாண்டினால்தான் விலகல் என்பார்கள். ஆனால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு வலி என்ற கணக்கு இங்கே செல்லாது.

முழு ஓய்வை முதலிலேயே தள்ளிவிடலாம். வலிக்கும் வேலையைக் குறைப்பது சரி. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளரும். ‘குனிந்து பெருக்கு, குத்தவைத்து உட்காரு, சுகப்பிரசவம் ஆகும்’ என்ற பாட்டி வைத்தியமும் இந்த வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

பெல்ட்டில்தான் குழப்பம் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் ‘பிரெக்னன்சி பெல்ட்’ என்று கேட்டால், பெரும்பாலும் வயிற்றைத் தாங்கும் அகலப் பட்டையை நீட்டுவார்கள். அது வேறு. இடுப்பெலும்பு மூட்டுக்கு வேண்டியது ஒடுக்கமான, அதிகம் இழுபடாத பட்டை. கட்டும் இடம் இரண்டு: இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, அல்லது இன்னும் இறங்கி, தொடை தொடங்கும் மட்டத்தில். எது ஒத்துவரும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். பிறகு பெல்ட்டைக் கட்டித் தூக்குங்கள். கால் இலேசானால் அதுவே உங்களுக்கான இடம். மூச்சு முட்ட இறுக்க வேண்டாம். கூடுதலாக இறுக்கினால் கூடுதல் பலன் என்று எதுவுமில்லை. நடக்கும்போது கட்டி, உட்காரும்போது கழற்றிவிடுங்கள்.

பிசியோதெரபி மெதுவாகத்தான் கைகொடுக்கும், ஆனால் பலன் நிலைக்கும். அடிவயிற்று ஆழ்தசை, பிட்டத் தசை இரண்டையும் பலப்படுத்துவார்கள். முழங்கால்களைச் சேர்த்தபடி புரளவும், காரில் ஏறவும் பழக்குவார்கள். 2005-இல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பயிற்சிகளையும் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. சுவாரசியம் என்னவென்றால், அதே ஆய்வில் அக்குபங்சர் (மெல்லிய ஊசிகளைக் குத்தும் சிகிச்சை) இந்தப் பயிற்சிகளையும் முந்தியது. கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய அக்குபங்சர் நிபுணர் கிடைத்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

என்னைக் கேட்டால், கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் பிசியோதெரபிஸ்ட். பெல்ட் தேவையா, எங்கே கட்டுவது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். வலி மாத்திரையில் பாரசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில், ஐபுபுரோஃபென் வேண்டாம். காய்ச்சல், ரத்தப்போக்கு, நீர்க்கடுப்பு, கால் மரத்துப்போதல் இருந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

இந்த வலிக்காகவே சிசேரியன் பொதுவாகத் தேவைப்படாது. வலிக்காமல் முழங்கால்களை எவ்வளவு விரிக்க முடிகிறது என்று முன்கூட்டியே டேப்பால் அளந்து, பிரசவ ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டபின் உங்களுக்கு வலி தெரியாது. காலைப் பிடிப்பவருக்கு அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.