வில்லுப்பாட்டுக்கு எந்த ஆவணப்படம்?

1948இல் தொடங்கிய அரசு ஆவணப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகத் திரையிட்டன; அவை சிற்றூர்க் கொட்டகைவரை போய்ச் சேர்ந்தன. ஆனால் பல படங்களில் பின்னணிக் குரல் ஓயாது. 2000இல் உருவான பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தனி இயக்குநர்களின் பார்வைக்கு இடம் தந்து அவர்கள் படங்களைத் தூர்தர்ஷனுக்குக் கொண்டுபோனது.

எங்கள் குமரி மாவட்ட வில்லுப்பாட்டுக்கு இரண்டாவது வழியே பொருந்தும். நாட்டார் தெய்வங்களின் கொடைவிழாவில் விடிய விடியப் பாடும் கலை இது. முத்துப்பட்டன் கதையில், சக்கிலியப் பெண்களை மணப்பதற்காகப் பிராமணன் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறியும் கட்டம் வரும். வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும். உடுக்கும் குடமும் கூடவே ஏறும். அந்த நேரத்தில் ஒரு விளக்கவுரை குறுக்கிட்டால் பாட்டு செத்துவிடும். சாதியைப் பற்றி, கதை பாடும் புலவரே பாடிச் சொல்லட்டும். கேமரா பொறுமையாகக் கேட்கட்டும். அப்படி எடுத்த படத்துக்கு அந்தப் பழைய கொட்டகைக் கூட்டமும் கிடைக்க வேண்டும்.