குன்றுக்குள் ஒரு சுவைக்கூடம்: பார்ஜினோவில் ஆந்தினோரி ஒயின் ஆலை

இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து சியெனாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் பார்ஜினோ என்னும் சிற்றூர் வருகிறது. அங்கே சாலையை ஒட்டிய குன்றின் மேல் கத்தியால் கீறியது போலக் கிடைமட்டமாக இரண்டு நீண்ட கோடுகள் தெரிகின்றன. கட்டடம் என்று கண்ணில் படுவது அவ்வளவுதான். அந்தக் கோடுகளுக்கு மேலும் கீழும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1385ஆம் ஆண்டு முதல் ஒயின் தொழிலில் இருந்துவரும் ஆந்தினோரி குடும்பம், இந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயினான கியாந்தி கிளாசிக்கோவுக்கான தன் ஆலையையும், அதனுள் வருகையாளர் ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் சுவைக்கூடங்களையும் இந்தக் குன்றுக்குள்தான் வைத்திருக்கிறது. புளோரன்ஸைச் சேர்ந்த ஆர்க்கேயா அசோசியாத்தி என்ற கட்டடக் கலைக் குழு வடிவமைத்த இவ்விடம் 2012இல் திறக்கப்பட்டது.

இங்கே கிடைக்கும் ஒயின்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் பார்க்கச் சென்றது கூடத்தை. நிலத்தோடு இசைந்த கட்டடம் என்று சொல்லிக்கொள்ளும் சுவைக்கூடங்கள் பல இடங்களில் உண்டு. அவற்றுள் எத்தனை உண்மையிலேயே நிலத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதே என் கேள்வி. வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையில், தோட்டம் முழுவதும் தெரியட்டும் என்று மேற்குச் சுவரைத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாக்கியிருந்தார்கள். காட்சி அற்புதம். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் நேராக மேசைமேல் விழுந்தது; ஊற்றிவைத்த சிவப்பு ஒயின் சற்று நேரத்திலேயே வெதுவெதுப்பாகி, பழ வாசனை அடங்கி, ஆல்கஹாலின் நெடி மட்டும் மேலே வந்தது. நிலத்தைப் பார்ப்பதற்காகக் கட்டிய அறை, அந்த நிலத்தில் விளைந்ததைச் சுவைக்கவிடாமல் செய்துவிட்டது.

பார்ஜினோவில் இதற்கு நேர்மாறான சிந்தனையைக் காண முடிகிறது. முதலில் குன்றைக் குடைந்து கட்டடத்தை உள்ளே வைத்து, பிறகு கூரையின் மேல் மண்ணை நிரப்பி மறுபடியும் கொடிகளை நட்டிருக்கிறார்கள். ஆகவே கூரையே தோட்டமாகவும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது மறைப்பு வேலையாகத் தோன்றலாம். உள்ளே போன பிறகுதான் அந்த மண் என்ன வேலை செய்கிறது என்பது புரியும். பல மீட்டர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை கோடைக்கும் குளிருக்கும் பெரிதாக அசைவதில்லை. மரப்பீப்பாய்களில் மாதக்கணக்கில் முதிரும் ஒயினுக்கு வேண்டியதும் அந்த அசையாத குளிர்ச்சியும் ஈரப்பதமும்தான். சரிவும் அப்படியே பயன்பட்டிருக்கிறது. திராட்சை மேல்மட்டத்தில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து நொதிக்கும் கலன்களுக்கும், பின்னர் பீப்பாய்க் கூடத்துக்கும், புவியீர்ப்பின் துணையோடு கீழ்நோக்கியே செல்கிறது. குன்று இல்லாத சமவெளியில் இந்தக் கட்டடத்தை நகலெடுத்தால் அது அர்த்தமிழந்துவிடும். நிலத்தோடு இசைவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

கீழே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் சுருள் படிக்கட்டைத் தவறவிடக் கூடாது. அது கார்ட்டென் எஃகால் ஆனது. இந்த எஃகு துருப்பிடிப்பது குறையால் அல்ல. அதில் சேர்ந்துள்ள செம்பு, குரோமியம் போன்றவற்றால் மேற்பரப்பில் இறுக்கமான துருப்படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. மழையும் வெயிலும் சேர்ந்து பூசிய அந்தச் செம்பழுப்பு நிறம், உழுத மண்ணின் நிறத்துக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. மேல்தளத்தில் மண்ணைத் துளைத்து வட்ட வட்டமான திறப்புகளை விட்டிருக்கிறார்கள். அவற்றின் வழியே ஒளி இறங்குவதால், குன்றின் வயிற்றுக்குள் நிற்கும்போதும் நேரம் என்ன என்பது உடலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

இனி சுவைக்கூடம். பீப்பாய்க் கூடத்தின் கூரை சுட்ட களிமண்ணால் மூடிய பெரிய வளைவுகளாக எழுகிறது. இந்தப் பகுதியின் வீட்டுக் கூரைகளிலும் தரைகளிலும் நூற்றாண்டுகளாக இருந்துவரும் அதே பொருள். அந்த வளைவுகளுக்குக் கீழே, பீப்பாய்களுக்கு மேலே, கண்ணாடி அறைகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுவைப்பது அவற்றினுள்தான். இதில் உள்ள புத்திசாலித்தனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பீப்பாய்க் கூடத்தின் குளிரும் ஈரமும் ஒயினுக்கு நல்லவை. மெல்லிய சட்டை அணிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அல்ல. அங்கே நிறைந்திருக்கும் ஓக் மர வாசனையும் கோப்பையை முகரும்போது குறுக்கே வரும். கண்ணாடி அந்தக் காற்றைத் தடுத்துவிட்டுக் காட்சியை மட்டும் அனுமதிக்கிறது.

ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சுவைச் சோதனை அறைகளுக்கான ஐஎஸ்ஓ 8589 என்ற சர்வதேசத் தர வழிகாட்டி, சுவர்கள் நடுநிலை நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சுற்றிலும் உள்ள நிறம் கோப்பைக்குள் கலந்து கண்ணை ஏமாற்றும் என்பதே காரணம். இங்கே சுற்றிலும் செம்மண் நிறம். குறிப்பேட்டின் வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மாணிக்கச் சிவப்பு. விளிம்பை நெருங்க நெருங்க நிறம் மெலிந்து, கடைசி ஒரு நூலளவில் செங்கல்லின் சாயல். சாஞ்சியோவேசே என்னும் திராட்சையிலிருந்து செய்து முதிர்ந்துவரும் ஒயினுக்கு இயல்பான நிறம் அது. தலையை நிமிர்த்தினால் வளைவுக் கூரையிலும் அதே நிறம். தொழில்முறைச் சோதனைக்கு இந்தச் சூழல் பொருந்தாது. வருகையாளருக்கோ, தாம் அருந்துவது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை. நான் வெள்ளைத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இவ்வளவு பெரிய அளவில் குன்றைக் குடைவது சிறிய ஆலைகளால் ஆகாத காரியம். அவர்களுக்குக் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலுள்ள டாமினஸ் ஆலை நல்ல பாடம். 1990களின் பிற்பகுதியில் ஹெர்சாக்–டி மியூரான் என்ற கட்டடக் கலைக் குழு அதை வடிவமைத்தபோது, கம்பிக் கூடைகளில் அந்த வட்டாரத்துப் பசால்ட் கற்களை நிரப்பி, சுவர்களின் மேல் போர்வையாக அடுக்கியது. பகலின் கடும் வெப்பத்தையும் இரவின் குளிரையும் கல் தாங்கிக்கொள்கிறது. அடுக்கு தளர்வாக உள்ள இடங்களில் ஒளி கற்களுக்கிடையே கசிந்து உள்ளே வருகிறது. மலைகளின் அலைவடிவத்தைக் கூரையில் பிரதிபலிக்கும் ஸ்பெயினின் ஈசியோஸ் போன்ற ஆலைகளும் உண்டு. தொலைவிலிருந்து அவை அழகானவை. ஆனாலும் மலையின் உருவத்தைக் கடன்வாங்குவதைவிட, காலடியில் கிடக்கும் கல்லிடம் வேலை வாங்குவதே எனக்கு உயர்வாகப் படுகிறது.

பார்ஜினோவுக்குச் செல்வோர் முன்பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். ஆலையைச் சுற்றிப் பார்ப்பதோடு கண்ணாடி அறையில் சுவைப்பதும் அடங்கிய வருகையைத் தேர்ந்தெடுங்கள். சுவைத்து முடித்ததும் நேரே வண்டிக்கு இறங்கிவிடாமல் ஒருமுறை மேல்தளத்துக்குச் சென்று, கொடி வரிசைகளின் ஓரத்தில் சிறிது நேரம் நில்லுங்கள். சற்று முன்பு நீங்கள் அமர்ந்திருந்த இடம் அந்த வேர்களுக்குக் கீழே இருக்கிறது.