பக்கத்து ஸ்டாலும் ஒரு மண் குருவியும்

கண்காட்சியில் முதல் நாள் எனக்குப் போணி ஆனதே இரவு ஏழரைக்கு. அதுவும் பக்கத்து ஸ்டாலில் மண் விளக்கு வாங்கியவர்கள், அதைப் போட்டு எடுத்துப் போக ஒரு பை வேண்டுமே என்று என் பக்கம் திரும்பியதால் ஆன போணி. அந்தப் பக்கத்து ஸ்டாலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், கடைசி நாள் காசு கொடுத்து வாங்கினேன், வாங்கியதை ஐந்து வாரமாகப் பயன்படுத்துகிறேன். இவ்வளவு தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

இடம் புதுச்சேரி கடற்கரைச் சாலை, காந்தி திடல். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பருத்தி நூலில் குரோஷா பின்னி மொபைல் பை, சின்ன பர்ஸ், சாவிக்கொத்து செய்கிறேன். இரண்டு கட்டைப்பை நிறைய சரக்கோடு பஸ் ஏறி வந்து பார்த்தால், ஆறடி மேசை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு, தலைக்கு மேல் ஒரு பல்பு. அந்தப் பல்பும் முதல் நாள் ஏழு மணி வரை எரியவில்லை. வாடகையை மட்டும் முன்கூட்டியே கறாராக வாங்கிக்கொண்டார்கள். அதை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

பக்கத்தில் வில்லியனூர் சுடுமண் வேலை. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, அவர் வீட்டுக்காரர், சாயங்காலம் மட்டும் வரும் மருமகள். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு (இன்ன ஊர்ச் சரக்கு என்பதற்கான அரசுப் பதிவு) இருக்கிறது, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அதைச் சொல்லும் தாளை லேமினேட் செய்து பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஒருவரும் படிக்கவில்லை. "இது எந்த ஊர் சரக்கு?" என்று யாராவது கேட்டால் மட்டும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அதைக் காட்டுவார். கேட்காதவர்களிடம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்.

நானும் ஆறடி மேசை, அவர்களும் ஆறடி மேசை. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்து, எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பி வைத்தேன். பத்தடி தள்ளி வருகிறவருக்கு என் ஸ்டாலில் பெட்ஷீட்தான் தெரிந்திருக்கும். அவர்கள் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் படிக்கட்டு மாதிரி அடுக்கி, மேலே பழைய காவித் துணி போர்த்தியிருந்தார்கள். கிட்டத்தட்ட கொலுப்படிதான். எல்லாப் பொருளும் நடந்து போகிறவரின் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. கடைசிப் படிக்கும் பின்னால், இடுப்புயரத்தில் ஒரு ஐயனார் குதிரை. விலை 6,500. மூன்று நாளும் அது விற்கவில்லை. ஆனால் அதோடு நின்று போட்டோ எடுக்காத குடும்பமே இல்லை. "இதை விக்கவா கொண்டு வந்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"வித்தா சந்தோஷம். விக்கலைன்னாலும் நாலு பேரை நிறுத்துது இல்ல?" என்றார்.

நின்றவர்களின் கை போகும் இடத்தில், முன்வரிசையில், 30 ரூபாய் அகல், 50 ரூபாய் குருவி. குதிரையைப் பார்த்து நின்றவர் குருவியோடு போவார். விலையைச் சின்னச் சின்ன மண் வில்லைகளில் சாக்பீஸால் எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் விலையே எழுதவில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று. விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அந்தக் குருவியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழ அளவு, வயிறு குழி, வாலில் ஊதுகிற துளை, முதுகில் ஒரு துளை. பாதி வரை தண்ணீர் ஊற்றி வாலில் வாய் வைத்து ஊதினால், உள்ளே தண்ணீர் குமிழிவிட்டு ஆடும். ஆட ஆடச் சத்தம் ஏறி இறங்கி அசல் குருவிக் கூச்சலாக வரும். தண்ணீர் இல்லாமல் ஊதினால் வெறும் பி.டி. மாஸ்டர் விசில்தான். கூட்டம் குறைகிற நேரம் பார்த்து அந்த அம்மா அதை எடுத்து ஒரே ஒரு தடவை, இரண்டு விநாடி ஊதுவார். ஊதிவிட்டு உடனே கீழே வைத்து, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மண் பிசைவார். போகிறவர்கள் தலையைத் தூக்கி மரத்தைப் பார்ப்பார்கள். அடுத்த ஸ்டாலைப் பார்ப்பார்கள். கூட வந்த குழந்தை கண்டுபிடித்துவிடும். அப்புறம் அந்தக் குடும்பத்தை அங்கிருந்து நகர்த்த முடியாது.

வாய் வைக்கிற பொருளாயிற்றே என்று தயங்கும் அம்மாக்களுக்கும் வழி வைத்திருந்தார். தான் ஊதும் குருவியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். விற்பதற்குத் துணி மூடிய கூடையில் தனியாக இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணெதிரே கேன் தண்ணீரில் கழுவித் தருவார்.

இதையெல்லாம்விட எனக்கு உறைத்தது அவர் உட்கார்ந்த இடம். மேசைக்குப் பின்னால் இல்லை. பக்கவாட்டில், நடைபாதையை ஒட்டி, ஒரு முக்காலி. மடியில் பலகை, பலகையில் ஈர மண். ஒரு உருண்டையை எடுத்து, கட்டைவிரலால் நடுவில் அமுக்கி, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இதழ் வைப்பார். ஒரு விளக்குக்குப் பதினாறு இதழ், எண்ணிப் பார்த்தேன். நின்று பார்க்கிறவர்களை உடனே நிமிர்ந்து பார்க்க மாட்டார். மூன்று நான்கு இதழ் முடிந்த பிறகுதான் நிமிர்வார். அப்போதும் "என்ன வேணும்?" கிடையாது. "எடுத்துப் பாருங்க. கீழ விழுந்தா என் கணக்கு" என்பார். உடைந்துவிடுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்துப் பார்த்ததைத் திரும்ப வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நான் என்ன செய்தேன்? மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வாட்ஸப் பார்த்தேன். யாராவது வந்தால் துள்ளி எழுந்து "என்ன வேணும் மேடம்?" என்றேன். அதற்கு வருகிற பதில் ஒன்றுதான்: "சும்மா பாக்கறோம்." சொல்லிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும், போய்விடுவார்கள்.

இரண்டாம் நாள் மதியம் அந்த அம்மாவே கூப்பிட்டார். "ஏம்மா, நீயும் கைவேலைதானே பண்ற, அதை வீட்டுல வெச்சுட்டா வந்திருக்க?" நூலும் ஊசியும் பையிலேயே இருந்தன. நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுப் பின்ன ஆரம்பித்தேன். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒருத்தி "ஆன்ட்டி, ஒண்ணு முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்றாள். பர்ஸ் என்றால் மூன்று மணி நேரம் என்றேன். 180 ரூபாய்க்கு யாரும் பேரமே பேசவில்லை. முதல் நாள் மொத்த வியாபாரம் 480, இரண்டாம் நாள் 2,300. அன்று சனிக்கிழமை, கூட்டமும் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், எல்லாம் நடைக் கூட்டம்தான். அந்த நேரத்துக்கு என்றே சொந்தமாக மஞ்சள் பல்பும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டை போட்ட மண் கூண்டு விளக்குக்குள் அதை வைத்ததும் துணியெல்லாம் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம். கண்காட்சிக்காரர்கள் கொடுத்த வெள்ளை பல்பில் என் நூலெல்லாம் நோஞ்சானாகத் தெரிந்தது. போதாக்குறைக்குக் கடல் காற்று. என் மொபைல் பைகள் இரண்டு தடவை பறந்து மிளகாய் பஜ்ஜிக் கடை வரை போயின. மண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

பேரம் பேசுகிறவர்களிடம் அந்த அம்மா விலையைக் குறைத்து நான் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு ஜோடி 450 ரூபாய் ஜாடியை 300க்குக் கேட்டது. "விலை குறையாதும்மா. கொசுறா ரெண்டு அகல் போட்டுத் தரேன்" என்றார். அவர்கள் ஜெயித்த முகத்தோடு போனார்கள்.

சரி, குறைகள். வீட்டுக்காரர் தனியாக நிற்கும்போது அதே ஸ்டால் வேறு ஸ்டால். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நிற்பார். விலையைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. குதிரையின் காதைத் தொட்ட ஒரு பையனை அதட்டியதில் ஐந்து பேர் கொண்ட குடும்பமே நகர்ந்தது. அந்த அம்மா சாப்பிடப் போகிற முக்கால் மணி நேரம் எனக்கு நல்ல வியாபாரம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேக்கிங் மோசம். ஒரே ஒரு நியூஸ் பேப்பர், ஒரு ரப்பர் பேண்ட். வைக்கோலோ தெர்மோகோலோ கிடையாது. நான் வாங்கிய தண்ணீர் ஜாடி மூடியின் குமிழ், பஸ் ரெட்டிச்சாவடி வருவதற்குள் ஓரம் உதிர்ந்துவிட்டது. முன்னூறு நானூறு கொடுத்து வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோகிறவர்கள் என்ன செய்வார்கள்? விசிட்டிங் கார்டும் இல்லை. போன் நம்பரை அதே பேப்பரின் ஓரத்தில் எழுதித் தந்தார்கள். அந்த ஓரம் கிழிந்துபோனது.

ஜாடிக்கு வருவோம். ஐந்து லிட்டர், குழாய் வைத்தது, 450 ரூபாய். அடுத்த ஸ்டால்தானே என்று எனக்குக்கூடக் குறைக்கவில்லை, கொசுறாக ஒரு குருவி தந்தார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார், செய்தேன். முதல் நான்கு நாள் மண் வாசனை தூக்கலாக இருந்தது. எனக்குப் பிடித்தது, என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் மதியத்தில் நன்றாகவே குளிர்கிறது. ஆனால் ஈரக் கடல் காற்று அடிக்கிற நாளில் ஜாடி சரியாக வேர்க்காது, அன்றைக்குக் குளிர்ச்சியும் குறைவுதான். எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதால் மூன்றாவது வாரம் வெளியே வெள்ளையாகப் பூத்தது. தேங்காய் நாரால் தேய்த்தால் போகிறது. சோப்பு போடாதீர்கள், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். குழாய்தான் தொல்லை. வாஷர் முதல் வாரமே கசிந்தது, ஹார்டுவேர் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன்.

மார்க் போடச் சொன்னால் ஸ்டாலுக்கு ஐந்துக்கு நாலரை, ஜாடிக்கு மூன்றரை, பேக்கிங்குக்கு ஒன்று. அடுத்த தடவை அவர்கள் பக்கத்திலேயே இடம் கிடைத்தால் ஸ்டால் எடுப்பேன். அப்போது நானும் இரண்டு பழப்பெட்டி எடுத்துப் போவேன்.

கொசுறுக் குருவி இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரை மட்டும் ஒளித்து ஒளித்துக் கொட்டிவிடுகிறேன். என் பையன் காலை ஐந்தரைக்கே ஊத ஆரம்பித்துவிடுகிறான்.