'பயண நேரம் 19 மணி 23 நிமிடம்' என்பதை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சிட்னி மாதிரி ரொம்பத் தூரம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

போன ஜூனில் அக்காவுக்கு சிட்னியில் ஆபரேஷன். திங்கள் காலை 7 மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் அவள் பக்கத்தில் இருந்துவிட வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு டிக்கெட் தளத்தில் இரண்டு ஊரையும் போட்டேன். "தூரம் 17,000 கி.மீ., பயண நேரம் 19 மணி 23 நிமிடம்" என்று கொட்டை எழுத்தில் வந்தது. சனி காலை 9 மணிக்குக் கிளம்பினால் தாராளமாகப் போய்விடலாம் என்று பதிவு செய்துவிட்டேன்.

அந்த 19:23 எப்படி வந்தது என்று பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 17,000-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 18 மணி 53 நிமிடம். ஏற, இறங்க அரை மணி. அவ்வளவுதான்! நான் தேடியபோது அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்காமல் போகும் விமானமே கிடையாது. 17,000 என்பது பூமி உருண்டையின் மேல் வரைந்த மிகக் குறுகிய கோடு. அது ரஷ்யாவின் மேலே போகிறது; 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வான்வழி இல்லை. ஹெல்சின்கி–டோக்கியோ 9 மணி நேரத்திலிருந்து 13 மணி வரை நீண்டது இதனால்தான். காற்றும் கணக்கில் இல்லை. கிழக்கே போக ஆகும் நேரத்தைவிட மேற்கே திரும்ப அதிகம் ஆகும். தளமோ இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது.

எனக்கு விற்றது சிங்கப்பூர் வழியாக, இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் தனித்தனி டிக்கெட். ஞாயிறு காலை 5:30-க்கு அங்கே இறங்கி, 7:20-க்கு அடுத்தது. முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். பெட்டி சிட்னி வரை போகாது, இமிக்ரேஷன் முடித்து நானே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பெல்ட்டில் என் நீலப் பெட்டி வரும்போது மணி 6:50. ஓடிப் போனேன். கவுன்டரில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இரண்டாவது டிக்கெட் 'நோ ஷோ' (பயணி வரவில்லை என்ற கணக்கு), ஒரு பைசா திரும்பவில்லை. புதுசாக வாங்கி இரவு 8 மணிக்கு ஏறினேன். திங்கள் காலை 5:45-க்கு சிட்னி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது மணி 8. அக்காவை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லண்டனில் கிளம்பி சிட்னியில் இறங்க மொத்தம் 35 மணி 45 நிமிடம். தளத்துக்கு எழுதினால், "நேரம் தோராயமானது" என்று ஒற்றை வரி பதில்.

கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக் கழித்துப் பாருங்கள். என் டிக்கெட்டிலேயே லண்டன் காலை 9 என்பது சிட்னியில் மாலை 6. சேர்வது மறுநாள் மாலை 5:05. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் 23 மணி 5 நிமிடம்! இதை அன்றைக்கே கழித்துப் பார்த்திருந்தால் அந்த 19:23 பொய் என்று தெரிந்திருக்கும்.

பிஎன்ஆர் (டிக்கெட்டின் பதிவு எண்) ஒன்றா இரண்டா என்றும் பாருங்கள். இரண்டு என்றால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. ஏற்கெனவே அப்படி வாங்கிவிட்டவர்கள், இரண்டாவதைப் பிந்திய விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.