வெளிநாட்டு நர்சிங் போஸ்டிங்: டே ஷிஃப்டா, நைட் ஷிஃப்டா?

ஸ்டூடண்டா வெளிநாட்டு வார்டுக்கு போறவங்க எல்லாரும் இதுலதான் குழம்புறாங்க, ரெண்டும் பாத்ததால சொல்றேன்.

வேலை கத்துக்க
டே: ரவுண்ட்ஸ், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ் எல்லாம் பகல்லதான், கண்ணு முன்னாடியே நடக்கும்.
நைட்: புரொசீஜர் கம்மி, ஆனா பேஷண்டோட மூச்ச முழுசா ஒரு நிமிஷம் நிதானமா எண்ணலாம்.

பாஷை
டே: எல்லாரும் வேகமா பேசுவாங்க, அதுலயும் போன் வந்தா மொகமும் தெரியாது, ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒரே மாதிரி கேக்கும், அதனால டோஸ் எதுவா இருந்தாலும் "ஒன் ஃபைவா?"ன்னு திருப்பி கேட்டே ஆகணும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.
நைட்: தூக்கம் வராத பாட்டிங்கதான் பெஸ்ட் டீச்சர்! உச்சரிப்ப திருத்துவாங்க, பேரன் கதையும் சொல்லுவாங்க, அவ்ளோ ஆசையா இருக்கும்.

ஹேண்டோவர்
ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட பேஷண்ட் விவரம் சொல்றது ரெண்டுலயும் எஸ்பிஏஆர் (SBAR)ங்கிற வரிசைலதான்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. இந்த வரிசை மனப்பாடம் ஆயிட்டா பாதி பயம் போயிடும்.

உடம்பு
டே: கால் வலி. நல்ல ஷூ போதும்.
நைட்: விடிகாலை 4 மணி வாக்குல உடம்பு சூடு கொறஞ்சு குளிரும், கண்ணு சொருகும், ஸ்வெட்டர் கட்டாயம். காஃபின்ல பாதி கொறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஷிஃப்ட் கடைசில காபி குடிச்சா பகல் தூக்கம் அவ்ளோதான்.

புரொசீஜர் நிறைய பாக்கணும்னா டே. கூச்சம் ஜாஸ்தி, பேஷண்ட் கூட பேசிப் பழகணும்னா நைட். ரெண்டும் கெடைக்கும்னா மொதல்ல டே கேளுங்க, வார்டுல எது எங்க இருக்குன்னு தெரிஞ்சுட்டு நைட்டுக்கு மாறிக்கலாம்.