‘வீட்டிலேயே பேக்லைட்’ கிட் வாங்கிவிடாதீர்கள்

அறிவியல் கண்காட்சி நெருங்குகிறது என்று ஆன்லைனில் ‘வீட்டிலேயே பேக்லைட் செய்யலாம்’ கிட்டை ஆர்டர் போடப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். பேக்லைட் என்பது குக்கர் கைப்பிடி செய்யப் பயன்படும் கெட்டியான பிளாஸ்டிக்.

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்காக 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 12 வயதிலிருந்தே செய்யலாம் என்று விளம்பரம், பளபளக்கும் பழுப்புக் கட்டியின் படம். உள்ளே என்ன ரசாயனம் வரும் என்று ஒரு வரிகூட இல்லை.

பார்சலைப் பிரித்ததுமே கண் எரிந்தது. மூடி சரியாகத் திருகாத பாட்டிலிலிருந்து ஃபார்மலின் கசிந்து அட்டைப்பெட்டி முழுக்க ஊறியிருந்தது. பிணவறையில் உடல்களைப் பதப்படுத்துகிறார்களே, அதே ஃபார்மலின். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். ‘பி’ என்று மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவில் இளஞ்சிவப்பேறிய ஃபீனால் படிகங்கள். கையில் போட்டுக்கொள்ள, பரோட்டா கடையில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய பாலித்தீன் உறை! நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் என்பதால் அடையாளம் தெரிந்தது. தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள்?

ஃபீனால் தோலில் பட்டால் அந்த இடம் வெளுத்து மரத்துப்போகும். வலி உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. பிள்ளை கவனிப்பதற்குள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்து இதயம், சிறுநீரகம் வரை பாதிக்கலாம்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், “பினாயில் மாதிரிதான் மேடம், பயப்படாதீங்க” என்கிறார் அந்தப் பையன். தரை துடைக்கும் பினாயில் எங்கே, சுத்தமான ஃபீனால் படிகம் எங்கே? பிரித்த ரசாயனத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம், பணமும் கிடையாதாம். நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள்.

சரி, ஆபத்தைச் சகித்துக்கொண்டு செய்தாலாவது பேக்லைட் வருமா? வராது. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து இறுகும்போது நீராவி கிளம்பிப் பிசின் நுரைத்து ஓட்டை ஓட்டையாகிவிடும். 1907-ல் அமெரிக்காவின் யாங்கர்ஸ் நகரில், பேக்லைட்டைக் கண்டுபிடித்த லியோ பேக்லண்ட் சாதித்ததே, அதை வெப்பத்தோடு அழுத்தமும் கொடுத்து அடக்கியதுதான். அதற்கென்றே கனத்த இரும்புக் கலன் வைத்திருந்தார். இந்தக் கிட்டில் இருப்பது ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு சின்ன பாட்டில் அடர் அமிலமும். அமிலம் சேர்த்தால் கலவை தானாகவே சூடேறி, சட்டென்று கொதித்துத் தெறிக்கும். மிஞ்சுவது நொறுங்கும் இளஞ்சிவப்புக் கட்டி. கல்லூரியில் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து நாங்கள் செய்தபோதும் அதுதான் வந்தது. குக்கர் கைப்பிடியின் உறுதியை அதில் எதிர்பார்க்க முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். நீங்களும் ஏமாந்திருந்தால் பதியுங்கள், ஒரே புகாராக நின்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். மகள் இப்போது சூடான பாலில் வினிகர் ஊற்றித் திரிந்த கேசினை (பாலிலுள்ள புரதம்) பிழிந்து பொத்தான் செய்கிறாள். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கேசினிலிருந்து உண்மையாகவே பொத்தான் செய்து விற்றார்கள்.

கிட் ஏற்கெனவே கையில் இருந்தால் சிங்க்கில் மட்டும் கொட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லூரியின் வேதியியல் துறையில் கேளுங்கள். என்னுடைய பழைய பேராசிரியர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.